‘ஒரே ஒரு வாய்’ என்று கெஞ்சுவதை நிறுத்துவது எப்படி?

[காட்சி: வடசேரி சந்தை. கீரைக்கட்டுகள், மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி), குலை குலையாக மட்டிப்பழம்.]

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. குளச்சலிலும் முட்டத்திலும் கரை சேரும் சாளை (மத்தி) மீனும் நெத்தோலி மீனும் அன்றைக்கே தெருவுக்கு வந்துவிடுகின்றன. வீட்டுக்குப் பின்னால் முருங்கை நிற்கிறது. வாழைப்பழத்திலேயே மட்டி, செந்துளுவன், ஏத்தன் என்று எத்தனை வகை! மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இத்தனை இருந்தும் பல வீடுகளில் சாப்பாட்டு நேரம் போராட்டமாகத்தான் போகிறது. அம்மா தட்டோடு பின்னால் ஓடுகிறார். அப்பா போனில் கார்ட்டூன் போட்டுக் காட்டுகிறார். பாட்டி, “இந்த ஒரு வாய் மட்டும் மக்களே” என்று கெஞ்சுகிறார்.

பெற்றோர் தங்கள் வேலையை விட்டுவிட்டு, பிள்ளையின் வேலையைக் கையில் எடுப்பதால்தான் இது நடக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

[காட்சி: திரை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் அடுப்படி, மறுபக்கம் பிள்ளையின் தட்டு.]

அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னார். என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளை முடிவு செய்யும். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். “என்ன வேணும், நூடுல்ஸ் போடட்டுமா?” என்று நம் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறோம். அப்புறம் “இன்னும் நாலு உருண்டை” என்று அதன் வயிற்றை நாம் அளக்கிறோம்.

பசியும் நிறைவும் தெரிந்துதான் குழந்தை பிறக்கிறது. பால் குடிக்கும் பிள்ளை போதும் என்றால் தலையைத் திருப்பிக்கொள்ளும். போனைக் காட்டி ஊட்டும்போது வயிறு சொல்வதை அது கவனிப்பதே இல்லை. வாய் தானாகத் திறக்கிறது, அவ்வளவுதான்.

சரி, பிள்ளை கீரையைத் தொடவே மாட்டேன் என்கிறதே?

சுமார் 2 வயதிலிருந்து 6 வயது வரை புது உணவைக் கண்டு பயப்படுவது இயல்பு. நேற்று வரை தின்ற கத்தரிக்காயைக்கூட இன்று ஒதுக்கும். பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம், அந்த வயது அப்படி. 1982-ல் லியான் பர்ச் என்ற உளவியலாளர், இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அதுவரை தெரியாத பழங்களையும் பாலாடைக்கட்டிகளையும் கொடுத்துப் பார்த்தார். எதை அதிக முறை சுவைத்தார்களோ, அதன்மேல் விருப்பமும் கூடியது. ஒரு காய் பிள்ளைக்குப் பழக 8, 10, சில நேரம் 15 முறைகூட ஆகலாம். நாமோ மூன்றாவது முறையிலேயே “இவனுக்குக் கீரை பிடிக்காது” என்று முடிவுகட்டி விடுகிறோம். அவன் காதில் விழும்படியே சொல்லவும் செய்கிறோம்.

தேங்காய் போட்டு வதக்கிய முருங்கைக்கீரைத் துவரன் ஒரு தேக்கரண்டி போதும். பிள்ளைக்குப் பழகிய சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். தின்றாலும் கைதட்ட வேண்டாம், ஒதுக்கினாலும் முகம் சுளிக்க வேண்டாம். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் வையுங்கள்.

“கீரை தின்றால் சாக்லேட்” என்ற பேரம் மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படிச் சொன்னால் கீரை தண்டனையாகவும் சாக்லேட் பரிசாகவும் மனதில் பதியும். பரிசு கொடுத்து ஒரு பானத்தைக் குடிக்க வைத்தபோது, பிறகு அந்தப் பானத்தின்மேலேயே பிள்ளைகளுக்கு விருப்பம் குறைந்தது. அதே பர்ச் 1984-ல் வெளியிட்ட ஆய்வு இது.

[காட்சி: மாலை நான்கு மணி. பள்ளிப் பேருந்திலிருந்து பிள்ளைகள் இறங்குகிறார்கள்.]

என் கணக்கில் இந்த நேரம்தான் முக்கியமானது. பிள்ளை நல்ல பசியோடு வருகிறது. நாம் அந்தப் பசியைப் பேக்கரி பஃப்ஸுக்கும் மிக்சருக்கும் சாயாவுக்கும் கொடுத்துவிடுகிறோம். அப்புறம் எட்டு மணிக்குச் சோறு இறங்கவில்லை என்று வருத்தப்படுகிறோம். அந்த நான்கு மணிக்கு அவித்த ஏத்தம்பழம் கொடுங்கள். தேங்காய் துருவிப் போட்ட சிறுபயறு கொடுங்கள். தெரளி இலையில் அவிக்கும் கொழுக்கட்டை செய்தால் இன்னும் நல்லது. அதில் கருப்பட்டியை மட்டும் அளவோடு சேருங்கள், அதுவும் சர்க்கரைதான். அதன்பின் இரவுச் சாப்பாடு வரை தண்ணீர் போதும். நடுவில் பாலும் வேண்டாம், பாலும் வயிற்றை நிறைத்துவிடும்.

சாயாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், உணவின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 67 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. இந்த நிலையில் பிள்ளைக்குச் சாயா எதற்கு? கீரையோடு கொஞ்சம் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். மீன் சேர்ந்தாலும் அப்படித்தான்.

மரச்சீனியில் பெரும்பாலும் மாவுச்சத்துதான், புரதம் மிகக் குறைவு. கிழங்கை அவித்துத் தண்ணீரை வடித்து, சாளைக்குழம்போடு கொடுத்தால் அந்தக் குறை தீரும். விலை குறைந்த சாளையில் ஒமேகா-3 கொழுப்பு நிறைய உண்டு. முள் மெத்தென்று ஆகும்வரை வேகவைத்தால் கால்சியமும் கிடைக்கும். சின்னப் பிள்ளைக்கு முள்ளை விரலால் தேடிப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

அப்புறம் நாம். அப்பா தொடுகறியை ஒதுக்கிவிட்டுப் பொரித்த மீனை மட்டும் தின்றால், பிள்ளையும் அதைத்தான் படிக்கும். ஒரு வேளையாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். பாட்டா (தாத்தா) வெளியே போய் வரும்போது பிஸ்கட் பொட்டலம் வாங்கி வருகிறாரா? சண்டை வேண்டாம், “வரும்போது ஒரு சீப்பு மட்டி வாங்கிட்டு வாங்க” என்று கேளுங்கள். கொடுப்பதில் அவருக்குள்ள சந்தோஷம் குறையாது.

[காட்சி: அங்கன்வாடி. எடை பார்க்கும் கருவியில் ஒரு குழந்தை.]

கைக்குழந்தைக்கு 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பிறகு குழைந்த சோறு, பயறு, மசித்த மீன் என்று தொடங்கலாம். ஒரு வயதுக்குள் உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம். மார்த்தாண்டம் தேன் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஒரு வயதுக்கு முன் நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதைகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம்.

பிள்ளை கொஞ்சமாகச் சாப்பிட்டாலும் எடை சீராக ஏறி, ஓடி விளையாடினால் அதன் அளவு அதுதான். எடை மாதக்கணக்கில் ஏறாமல் நின்றாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, இரண்டு மூன்று உணவைத் தவிர வேறெதையும் ஏற்காமல் இருந்தாலோ, அங்கன்வாடியில் எழுதிக் கொடுத்த எடைக் குறிப்பை எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.