பந்தலுக்கு ஏன் வந்தீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம். தைப்பூசத்தன்று பினாங்கில் ஜாலான் உத்தாமா சாலையிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரம் வரை நடந்தவர்கள், வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் பானகமும் சோறும் நீட்டிய கைகளை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தத் தொண்டர்களை வரவழைப்பது எது என்பதை அளக்க முடியுமா? முடியும். ஆனால் "ஏன் வந்தீர்கள்?" என்று நேரே கேட்டு அளக்க முடியாது.

இதை நான் ஒரு பந்தலில்தான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், தொண்டர்களின் பதிவுத்தாளில் அந்தக் கேள்வியை நானே சேர்த்தேன். திரும்பி வந்த தாள்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் "சேவை மனப்பான்மை" என்றே எழுதியிருந்தது. மோர் கலக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவும் அதையேதான் எழுதியிருந்தார். விடியற்காலை மூன்று மணியளவில் கூட்டம் சற்றுத் தணிந்தபோது, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். கணவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்றும், பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள் என்றும், வீட்டில் தொலைக்காட்சியைத் தவிர வேறு குரல் கேட்பதில்லை என்றும் சொன்னார். "இங்க வந்தா நாலு பேரு அக்கான்னு கூப்பிடுறாங்க, தம்பி" என்றார்.

அவர் தாளில் எழுதியது பொய்யன்று. ஆனால் அவரை அந்த அண்டாவின் அருகே நிறுத்திய காரணம் தாளில் இல்லை. மறு ஆண்டு, அனுபவமுள்ளவர் என்று மதித்து, அவரைத் தனியறையில் நன்கொடைக் கணக்கு எழுத உட்கார வைத்தோம். அதற்கடுத்த ஆண்டு அவர் வரவில்லை. அந்தத் தவறு இன்றும் என்னை உறுத்துகிறது.

கில் கிளேரி, மார்க் ஸ்னைடர் முதலிய அமெரிக்க உளவியலாளர்கள் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட வினாத்தொகுதி, 30 கூற்றுகளைக் கொடுத்து, ஒவ்வொன்றும் நமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 1 முதல் 7 வரை எண்ணிடச் சொல்கிறது. பிறர்மீது அக்கறை, கற்கும் ஆர்வம், நெருங்கியவர்களின் எதிர்பார்ப்பு, வேலைக்கு உதவும் அனுபவம், மனச்சுமை தணிதல், தன்மதிப்பு வளர்தல் ஆகிய ஆறு நோக்கங்களுக்கும் தலா ஐந்து கூற்றுகள். தொண்டு செய்யும்போது தனிமை குறைகிறது என்பதும் அவற்றுள் ஒன்று. தன் கையால் எழுதக் கூசுகிற காரணத்துக்கு எண்ணிடுவது எளிது. அந்த அம்மா அந்த வரிக்கு ஏழு இட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஒரே மனத்தில் ஆறு நோக்கங்களும் சேர்ந்திருக்கலாம் என்பதால், உயர்ந்த தொண்டர், தாழ்ந்த தொண்டர் என்று பிரிக்க இந்த அளவுகோல் உதவாது. யாருக்கு எந்த வேலை என்று முடிவு செய்யவே உதவும். மருத்துவமனையில் தொண்டாற்றிய முதியவர்களிடம் அக்குழுவினர் ஆராய்ந்தபோது, தாம் நாடியதைத் தம் பணியிலேயே பெற்றவர்கள் கூடுதல் நிறைவடைந்திருந்தார்கள். எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவியவர்களைப் பற்றி ஆலன் ஒமோட்டோவும் ஸ்னைடரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், புரிதல், தன்மதிப்பு போன்ற தன்சார்ந்த நோக்கங்கள் வலுவாக இருந்தவர்களே நெடுநாள் நீடித்தார்கள். பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பிள்ளை சான்றிதழுக்காகப் பந்தலுக்கு வந்தால் முகம் சுளிக்கும் பெரியவர்கள் இதைக் கேட்க வேண்டும். மீண்டும் சொல்கிறேன்: நோக்கத்தை அளப்பது ஆளை எடைபோடுவதற்கன்று, வேலையைப் பொருத்துவதற்கே.

தமிழில் இக்கூற்றுகளை எப்படி அமைப்பது என்பதை விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த 30 கூற்றுகளில் நேர்த்திக்கடனுக்கு இடமில்லை. பிள்ளையின் காய்ச்சல் தணிந்ததற்காக மூன்று நாள் பாத்திரம் துலக்கும் தகப்பனுக்கு, நம் தாளில் முப்பத்தோராவது வரி ஒன்றை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். வணக்கம்.