யார்மத் துறையில் ஒரு பீப்பாய் மீன்

அவையோருக்கு வணக்கம்.

மீன்பிடித் துறை என்று தலைப்புக் கொடுத்தால் பேசுபவர்கள் உடனே படகேறிக் கடலுக்குப் போய்விடுவார்கள். நான் இன்று கரையை விட்டு நகரப் போவதில்லை. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், யேர் ஆறு கடலில் சேரும் இடத்தில் கிரேட் யார்மத் இருக்கிறது. அதன் மீன் துறை கடலைப் பார்த்து நிற்கவில்லை. ஆற்றங்கரையில் நீளமாக ஓடியது. 1913இன் இலையுதிர் பருவத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் அங்கே ஹெர்ரிங் மீன் இறக்கின. அவற்றில் பெரும்பாலானவை ஸ்காட்லாந்துப் படகுகள். மும்முரமெல்லாம் அக்டோபர், நவம்பர் இரண்டே மாதம்தான்.

ஹெர்ரிங் நம்ம மத்திக்குச் சொந்தம், ஒரே குடும்பம். எண்ணெய் மிகுந்த மீன். மத்தியைக் கொஞ்ச நேரம் வெயிலில் விட்டால் என்னவாகும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அதனால் மீனைப் பீப்பாயில் உப்பிடும் ஸ்காட்லாந்துப் பக்குவத்தில் முதல் விதியே இதுதான்: பிடித்த 24 மணி நேரத்துக்குள் குடல் எடுத்து உப்பில் போட்டாக வேண்டும். துறையில் நடந்த மற்ற எல்லாமே இந்த விதிக்குப் பின்னால் ஓடியவை.

வலையைப் பற்றி ஒன்றே ஒன்று. பருத்தி நூல் வலை. நனைந்தால் சீக்கிரம் இற்றுப்போகும். அதற்காக அவ்வப்போது கொதிக்கும் சாய நீரில் ஊற வைத்தார்கள். அந்தச் சாயம் எது தெரியுமா? வெற்றிலையோடு போடுகிறோமே, அந்தக் காசுக்கட்டிதான். இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலேறிப் போனது. அதிலுள்ள துவர்ப்புச் சத்துதான் நூலைக் காப்பாற்றியது.

காலையில் படகு வந்ததும் முதலில் மாதிரிக்கு ஒரு கூடை ஏலத்துக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் மொத்தப் பிடிக்கும் விலை. அளவு 'கிரான்' கணக்கு. ஒரு கிரான் என்றால் 37½ காலன் கொள்ளளவு, கிட்டத்தட்ட 170 லிட்டர். மீனின் பருமனைப் பொறுத்து ஆயிரம், ஆயிரத்து இருநூறு மீன் பிடிக்கும். கால் கிரான் கூடைகளில் இறக்கினார்கள். யார்மத்காரர்களின் பழைய கணக்கு இன்னும் வேடிக்கை: கைக்கு இரண்டாக நாலு மீன் ஒரு பிடி, 33 பிடி சேர்ந்தால் 'நூறு'. அதாவது அவர்களுடைய நூறில் 132 மீன்!

இனி, குடல் எடுத்து உப்பிட்ட பெண்களிடம் வருவோம். ஸ்காட்லாந்தின் கரையோர ஊர்களிலிருந்தும் தீவுகளிலிருந்தும் தனி ரயிலில், மரப்பெட்டியோடு வந்தவர்கள். மூன்று பேர் ஒரு குழு: இருவர் குடல் எடுப்பவர், ஒருவர் அடுக்குபவர். காலையில் முதல் வேலை விரல் கட்டுவது. மாவுச்சாக்குத் துணியை நாடாவாகக் கிழித்து ஒவ்வொரு விரலிலும் சுற்றி நூலால் இறுக்குவார்கள். கத்தி பட்டால் அது சின்னக் காயம்தான், ஆனால் உப்பு அதை ஆற விடாது. நாளுக்கு நாள் குழியாகும். திருச்சபைகள் நடத்திய மருந்துக்கட்டு நிலையங்களில் கூட்டம் குறையாததற்கு அதுதான் காரணம்.

நீளமான மரத்தொட்டியில் மீனைக் கொட்டி உப்புத் தூவுவார்கள். வழுக்காமல் பிடி கிடைக்க. குட்டைக் கத்தி தொண்டையில் இறங்கும், ஒரு திருப்பு, செவுளும் குடலும் சேர்ந்து வெளியே வந்துவிடும். வயிற்றைக் கிழிப்பதே இல்லை. கைதேர்ந்தவர்கள் நிமிடத்துக்கு 60 மீன் வரை முடித்தார்கள் என்று சொல்வதுண்டு. அதே வேகத்தில் சைஸ் பார்த்து, சினை இருக்கிறதா என்று பார்த்து, திரும்பிப் பார்க்காமலே பின்னாலிருக்கும் தொட்டிகளில் தரம் பிரித்துப் போடவும் வேண்டும். எல்லாக் குடலையும் வழித்து எடுப்பதும் தவறு. இரைப்பையை ஒட்டிய சின்னக் குழல்கள் உள்ளேயே தங்க வேண்டும். அவற்றின் செரிமானச் சாறுதான் உப்புக்குள் மீனைப் பதமாக்கிச் சுவை கொடுப்பது.

அடுக்குபவர் வேலை இடுப்பை ஒடிக்கும். பீப்பாயின் அடி வரிசையை வைக்கத் தலைகீழாகத் தொங்க வேண்டும். மீன் மல்லாந்து, வயிறு மேலே; தலை பீப்பாயின் சுவரைத் தொட வேண்டும். ஒரு வரிசை, அதன்மேல் உப்பு. அடுத்த வரிசை முந்தியதற்குக் குறுக்காக. உப்பு குறைந்தால் நடுவில் புளிக்கும். அளவு மீறினால் மீன் கட்டையாகிவிடும். ஒரு பீப்பாய்க்கு 700 முதல் 1,000 மீன்.

மூடியாகிவிட்டது என்று விட முடியாது. மீனிலிருந்து நீர் இறங்கி உப்போடு கலந்து ஊறல் உண்டாகும். மீன் சுருங்கிக் கீழே அமரும். பத்து நாள் போல் கழித்துத் திறந்து, ஊறலை வடித்து, அந்தப் பீப்பாயோடு அதே நாளில் உப்பிட்ட மீனால் மேலே நிரப்பி, மறுபடி மூடி, பக்கத்துத் துளை வழியே ஊறலைத் திரும்ப ஊற்றித் தக்கை அடிப்பார்கள். வேறு நாள் மீனைப் போட்டால் பதம் ஒத்துப்போகாது. இதில் பாதிப் பொறுப்பு பீப்பாய்த் தச்சருடையது. பலகை இடுக்கில் காய்ந்த கோரையை வைத்து அடைப்பார். ஒரு இடுக்கு கசிந்தாலும் ஊறல் வற்றும், காற்று புகும், எண்ணெய் கெட்டு மீன் துருப்பிடித்ததுபோல் மஞ்சளாகும். அதை வாங்குபவர் பீப்பாயைத் திறந்ததும் கண்டுபிடித்துவிடுவார்.

கூலி பீப்பாய்க் கணக்கு, மூன்று பேருக்கும் பங்கு. அந்தக் கூலியை உயர்த்தக் கேட்டு 1936இல் யார்மத்தில் வேலையை நிறுத்தினார்கள். சாந்தமாக ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கும் பெண்கள் என்றே படங்களில் காட்டுகிறார்கள். வேலைநிறுத்தத்தை யாரும் அஞ்சலட்டையில் அச்சடிக்கவில்லை.

இந்தப் பீப்பாய்களில் பெரும்பகுதி ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் போனது. 1914இல் போர், 1917இல் ரஷ்யப் புரட்சி. சந்தை உடைந்தது, பிறகு பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை. அப்புறம் கடலில் மீனே குறைந்தது. 1977இல் வடகடலில் ஹெர்ரிங் பிடிக்கத் தடை வந்தபோது யார்மத் துறைக்கு அது செய்தியே அல்ல. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பீப்பாய் உருண்ட அந்த ஆற்றங்கரையில், கடலடி எரிவாயுக் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பல்கள் கயிறு கட்டி நின்றன.