கல்லறைக்கு கிரானைட் வேணாம்னு சொன்ன அம்மா

(கிருஷ்ணகிரியில் ஒரு பங்கு மண்டபத்தில், புனித மோனிக்கம்மாள் திருநாளன்று தாய்மார் கூட்டத்தில் பேசியது)

ஃபாதர், சிஸ்டர்ஸ், அம்மாங்க அக்காங்க எல்லாருக்கும் வணக்கம். மோனிக்கம்மாளப் பத்தி பேசுன்னு சிஸ்டர் சொன்னாங்க, கூடவே உங்க அம்மாவப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லுன்னாங்க, ரெண்டு வார்த்தையில எங்கம்மா அடங்க மாட்டாங்க, அதனால கொஞ்சம் பொறுத்துக்கங்க.

ஆகஸ்ட் 27 மோனிக்கம்மாள் திருநாள், மறுநாள் 28 அவங்க மகன் அகுஸ்தினார் திருநாள். வருஷா வருஷம் இந்த நாள்ல ஒரே பிரசங்கம்தான் கேக்குறோம், அவங்க அழுதாங்க, மகன் திருந்தினான், அழுங்க தாய்மார்களேன்னு. அழுதாங்க, இல்லன்னு சொல்லல. ஒரு ஆயர்கிட்ட போய் என் மகன்கிட்ட பேசுங்கன்னு நச்சரிச்சு, அவரு போம்மா, இவ்ளோ கண்ணீர் சிந்தின மகன் அழிஞ்சு போக மாட்டான்னு சொல்லி அனுப்பினாரு, அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனா அகுஸ்தினார் தன் கைப்பட எழுதி வச்சிருக்கிறதப் படிச்சா அழுகைய விட ஓட்டம்தான் ஜாஸ்தி.

383-ல என்ன ஆச்சுன்னா, இவரு கார்த்தேஜ்ல இருந்து ரோமுக்குக் கிளம்புறாரு. போகாதடான்னு துறைமுகம் வரைக்கும் அம்மா கூடவே வந்துட்டாங்க. ஃப்ரெண்ட் ஒருத்தன வழியனுப்ப வந்தேன், நீ இன்னைக்கு ராத்திரி அந்த சிப்ரியான் கோயில்ல தங்கிக்கன்னு பொய் சொல்லிட்டு ராத்திரியோட ராத்திரியா கப்பல் ஏறிட்டாரு. அந்தம்மா கோயில்ல ஜெபம் பண்ணிட்டு இருக்காங்க, காத்து அடிச்சுது, பாய் விரிஞ்சுது, கப்பல் போயிடுச்சு. விடிஞ்சு பார்த்தா மகன் இல்ல. நாமளா இருந்தா எப்படியோ தொலையட்டும்னு விட்டிருப்போம். அவங்க பின்னாலயே கப்பல் ஏறி, கடல்ல புயல் அடிச்சப்ப மாலுமிங்களுக்கே தைரியம் சொல்லி, மிலான் வரைக்கும் போய்ச் சேந்துட்டாங்க. விதவைப் பொம்பளை, இன்னைக்கு அல்ஜீரியான்னு சொல்ற நாட்டுக்காரங்க, அந்தக் காலத்துல.

எங்க பெரியண்ணனும் இப்படித்தான் போனாரு. அவரு இதோ மூணாவது வரிசையில உக்காந்திருக்காரு, அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். ஃப்ரெண்ட் கல்யாணம்னு சொல்லிட்டு பெங்களூருக்கு கட்டட வேலைக்குப் போயிட்டாரு, லெட்டரும் இல்ல போனும் இல்ல. ஓசூர் பக்கம் போற மேஸ்திரிங்க, லாரி டிரைவருங்க, ஒருத்தர விடாம அம்மா விசாரிச்சு எந்த ஏரியா எந்த பில்டிங்னு கண்டுபிடிச்சு, கேழ்வரகு மாவும் கொள்ளும் பையில கட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டாங்க. கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. போய் என்ன பண்ணாங்கன்னு நெனைக்கிறீங்க? கோயிலுக்குப் போறியா, பாவசங்கீர்த்தனம் பண்ணியா, ஒண்ணும் கேக்கல. களி கிண்டிப் போட்டாங்க, சம்பளம் ஒழுங்கா குடுக்கிறானான்னு கேட்டாங்க, இல்லன்னு தெரிஞ்சதும் கான்ட்ராக்டர் ஆபீஸ் வாசல்ல உக்காந்துட்டாங்க, பாக்கி கைக்கு வர்ற வரைக்கும் எந்திரிக்கல. காச வாங்கி அண்ணன் கையில குடுத்துட்டு தனியா ஊருக்கு வந்துட்டாங்க. அண்ணன் அடுத்த கிறிஸ்துமஸுக்கு தானா வந்து நின்னாரு.

அம்மாவுக்கு ஜெபமும் வேலையும் தனித்தனி இல்ல. மே ஜூன்ல நம்ம பக்கம் மாங்கூழ் ஃபேக்டரி ஓடுறது உங்களுக்குத் தெரியும், பெங்களூரா மாங்காய் மலை மலையா வந்து கொட்டும், அம்மா அங்க வெட்டுற வேலைக்குப் போவாங்க. பால் பட்டு கையெல்லாம் கறுத்து, தோல் வெந்து கெடக்கும். அங்க ஜெபமாலை எடுக்க விட மாட்டாங்க. அதனால ஒரு பழத்துக்கு ஒரு அருள் நிறைந்த மரியே, பத்து பழம் முடிஞ்சா ஒரு பரலோக மந்திரம். வாய் முணுமுணுக்குதேன்னு சூப்பர்வைசர் கேட்டா பழம் எண்ணுறேன் சார்னு சொல்லிடுவாங்க. பொய் இல்லையே, எண்ணத்தானே செஞ்சாங்க!

இந்த போட்டோவப் பாருங்க, வாய மூடிக்கிட்டுத்தான் இருப்பாங்க. எந்த போட்டோவுலயும் சிரிக்க மாட்டாங்க, கோபக்காரின்னு நெனைச்சுடாதீங்க. பல்லெல்லாம் கறை. 2013-ல ஒகேனக்கல் குடிநீர் வர்றதுக்கு முன்னாடி நாம குடிச்ச போர் தண்ணியில ஃப்ளோரைடு, நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி ஜனங்க நிறையப் பேருக்கு அந்தப் பல்லுதான். வீட்டுக்குள்ள நல்லா சிரிப்பாங்க.

மோனிக்கம்மாள் கதையில எனக்கு ஒத்துக்காத இடம் ஒண்ணு இருக்கு, ஃபாதர் கோவிச்சுக்கக் கூடாது. அவங்க வீட்டுக்காரர் பத்திரிசியுசு முன்கோபி. அந்த ஊர்ல புருஷன்கிட்ட அடி வாங்கி மூஞ்சி வீங்கின பொம்பளைங்க வந்து புலம்பினா, எதிர்த்துப் பேசாதீங்க, அடங்கிப் போங்கன்னு மோனிக்கம்மாள் சொல்லுவாங்களாம், அகுஸ்தினார் அதைப் பெருமையா எழுதுறாரு. எனக்கு அது பெருமையாப் படல. எங்கப்பாவும் குடிச்சா கை ஓங்குவாரு. அம்மா எதிர்த்துப் பேசலதான், ஆனா அடங்கியும் போகல. மறுநாள் சாயந்திரமே மாதா பேர்ல ஜெபம் பண்ற மரியாயின் சேனை சபை அக்காங்களப் பார்த்து, இந்த வாரம் தெரு ஜெபமாலை எங்க வீட்டுத் திண்ணையிலன்னு சொல்லிட்டு வந்துடுவாங்க. மாதா சுரூபம் நடுவுல, சுத்தி இருபது முப்பது பொம்பளைங்க. அப்பா வந்து பார்ப்பாரு, துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு பின்னாடி உக்காந்துடுவாரு. வாரம் முழுக்க நடக்கும். சில சமயம் ரெண்டு வாரம்.

இப்ப சொல்லப் போறது கொஞ்சம் கஷ்டமான விஷயம். வேணாம்னு நெனைக்கிற பொண் குழந்தைய தொட்டில்ல விட்டுட்டுப் போகலாம்னு அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டத்த 1992-ல சேலத்துல ஆரம்பிச்சுது, 2001-ல நம்ம தர்மபுரி மாவட்டத்துக்கும் கொண்டாந்தாங்க, கிருஷ்ணகிரி தனி மாவட்டமா ஆனது 2004-லதான், அப்ப நாமளும் அதுக்குள்ளதான். அந்தத் தொட்டில் ஏன் வந்துச்சுன்னு இங்க இருக்கிற பெரியவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. நான் அதுக்கெல்லாம் முன்னாடி பொறந்தவ. மூணாவது பொண்ணு. என்னப் பார்க்க வந்தவங்க சில பேரு என் ஆயா காதுல என்னமோ சொன்னாங்க, ஆயாவும் சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. அம்மா பெத்த உடம்போட, தீட்டு அது இதுன்னு எதையும் பார்க்காம, அந்த ஞாயித்துக்கிழமையே என்னத் தூக்கிக்கிட்டு நடந்தே கோயிலுக்குப் போய் ஞானஸ்நானம் குடுத்துட்டாங்க. சாமியார் ஏம்மா இவ்ளோ அவசரம்னு கேட்டாராம். பேரு புத்தகத்துல ஏறிட்டா கணக்கு வந்துடும் சாமின்னு சொன்னாங்களாம். அவரு புரிஞ்சுக்கிட்டு ரெண்டாவது கேள்வி கேக்கல, பூசையில எல்லார் முன்னாடியும் என் பேர சத்தமா படிச்சிருக்காரு. மோனிக்கம்மாள் அகுஸ்தினாருக்கு சின்ன வயசுல ஞானஸ்நானம் குடுக்கல, அந்தக் காலத்து வழக்கப்படி தள்ளிப் போட்டாங்க, 387 பாஸ்காவுல, அதான் ஈஸ்டர்ல, மிலான்ல ஆயர் அம்புரோஸ் கையாலதான் நடந்துச்சு, அப்ப அவருக்கு வயசு முப்பதத் தாண்டிடுச்சு. எங்கம்மாவுக்கு தள்ளிப் போட வசதி இல்ல, அவ்ளோதான்.

அதே 387-ல ஆப்பிரிக்காவுக்குத் திரும்பலாம்னு ஓஸ்தியா துறைமுகத்துல தங்கியிருந்தப்ப மோனிக்கம்மாளுக்குக் காய்ச்சல். ஒன்பதாம் நாள் இறந்துட்டாங்க, வயசு 56. ஊர்ல புருஷன் பக்கத்துலயே தனக்கு கல்லறை ரெடி பண்ணி வச்சிருந்தவங்க அவங்க. ரொம்ப நாள் ஆசை அது. இன்னொரு மகன், நம்ம ஊர்ல போய் செத்தா நல்லாருக்குமேன்னு சொன்னதுக்கு, என்ன பேச்சு இதுன்ற மாதிரி ஒரு பார்வை பார்த்துட்டு, இந்த உடம்ப எங்க வேணா புதைங்க, பீடத்துல மட்டும் என்ன நெனைச்சுக்கங்கன்னு சொல்லிட்டாங்க. 1945-ல அந்த ஊர்ல ரெண்டு பசங்க பந்து விளையாட கம்பம் நட குழி தோண்டுறப்ப அவங்க கல்லறைக் கல்வெட்டோட ஒரு துண்டு கெடைச்சுது. அதுவரைக்கும் மண்ணுக்குள்ளதான்.

எங்க வீட்லயும் கல்லறைச் சண்டை நடந்துச்சு. நம்ம ஊர்ல கிரானைட்டுக்கா பஞ்சம், வெட்டி வெளிநாட்டுக்கே அனுப்புறோம். சின்னண்ணன் கறுப்பு கிரானைட்ல, அம்மா முகத்தச் செதுக்கி, பெருசா பண்ணணும்னு நின்னாரு. அம்மா படுக்கையில இருந்தப்பவே தெளிவா சொல்லிட்டாங்க, எனக்கு ஒரு சிமெண்ட் சிலுவை போதும், அந்தக் காச பேத்திக்கு நர்சிங் ஃபீஸ் கட்டுங்கன்னு. அப்படியே கட்டினோம். அவ இப்ப செகண்ட் இயர். சின்னண்ணனுக்கு இன்னும் மனசு ஆறல, கல்லறைத் திருநாளுக்கு வந்தா பக்கத்துக் கல்லறைய எல்லாம் பார்த்துட்டு மூஞ்சத் தூக்கி வச்சுக்கிறாரு, அது அவரு பாசம், நான் ஒண்ணும் சொல்றதில்ல.

எனக்கு வருஷத்துக்கு ஒரு பூசை வையுங்க, ஞாயித்துக்கிழமை மட்டும் வைக்காதீங்க, வார நாள்ல வையுங்க, ஆளே இல்லாம ஃபாதர் தனியா பூசை வைக்கிறாருன்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க. அதனால இந்த வருஷமும் புதன்கிழமை காலைல ஆறு மணிப் பூசைதான். முடிஞ்சவங்க வாங்க. பூசை முடிஞ்சதும் எங்க வீட்ல களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் இருக்கும்.