யாருக்காக வரைகிறோம்?

நண்பர்களே,

விரைவுச்சாலை வந்தால் ஊருக்கே நன்மை என்று திட்ட அறிக்கைகள் சொல்லும். காரில் போகிறவருக்கு நேரம் மிச்சமாகிறது, உண்மைதான். ஆனால் அந்தச் சாலைக்காக வீடு இடிக்கப்பட்டவருக்கு என்ன மிச்சம்? ஒருவரின் லாபத்தையும் இன்னொருவரின் இழப்பையும் சேர்த்துப் பொது நலன் என்று ஒரே கணக்கில் எழுதுவதை நான் ஏற்கவில்லை.

நகரத் திட்ட வல்லுநர் நடுநிலையானவர், அறிவியல் முறைப்படி ஊருக்கு எது நல்லதோ அதைக் கண்டுபிடிப்பவர் என்ற நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. 1965-இல் அமெரிக்கத் திட்ட வல்லுநரான பால் டேவிடாஃப் அதை வெளிப்படையாக மறுத்தார். அவர் சட்டமும் படித்தவர். வழக்கில் இரு தரப்புக்கும் வக்கீல் இருப்பதுபோல, ஏழைகளின் சார்பிலும் மாற்றுத் திட்டம் வரைந்து வாதாட வல்லுநர்கள் வேண்டும் என்றார்.

சரி, அரசிடம் சம்பளம் வாங்கும் வல்லுநர் என்ன செய்வது? இதற்கு அமெரிக்காவின் க்ளீவ்லாந்து நகரைத்தான் பார்க்கச் சொல்வேன். நார்மன் க்ரம்ஹோல்ஸ் அங்கே 1969 முதல் 1979 வரை நகரத் திட்டத்துறை இயக்குநர். அவர் காலத்தில் மூன்று மேயர்கள் மாறினார்கள், அரசியலும் மாறியது. அவரது துறை மட்டும் ஒரே குறிக்கோளில் நின்றது: வாழ்க்கையில் தேர்ந்தெடுக்க வழியே இல்லாதவர்களுக்கு வழிகளைக் கூட்டுவது. 1975-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் இதை எழுத்திலேயே வைத்தார்கள்.

எழுதியதோடு நிற்கவில்லை. அந்த நகரில் அப்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு குடும்பத்துக்குக் கார் கிடையாது. நகரப் பேருந்துகளை வட்டாரப் போக்குவரத்து அமைப்பிடம் ஒப்படைக்கும் பேச்சு வந்தபோது, மற்றவர்கள் புதிய ரயில் பாதைகளைப் பற்றிப் பேசினார்கள். க்ரம்ஹோல்ஸின் குழு, பேருந்தை நம்பியிருப்பவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணச் சலுகை வாங்கித் தந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் அதிகாரத்தை அந்தக் குழு பறிக்கவில்லை. யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்ற கணக்கை அவர்கள் முன்னால் வைத்தது, அவ்வளவுதான். அதற்கே எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அப்புறம், திட்டமிடுவதில் மக்கள் பங்கேற்பு. அமெரிக்கரான ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் அதை எட்டுப் படிகளாகப் பிரித்தார். கருத்துக் கேட்பை அவர் கீழிருந்து நான்காவது படியில் வைத்தார், வெறும் ஒப்புக்கு நடப்பவற்றின் வரிசையில். முடிவில் பங்கு கிடைப்பது அதற்கும் மேலேதான் தொடங்குகிறது. எல்லாம் முடிவான பிறகு கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்குகிறோமே, அது எந்தப் படி?

இங்கே இருக்கும் இளம் வல்லுநர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அடுத்த அறிக்கையில் இழப்பவர் யார், எவ்வளவு இழக்கிறார் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். பின்னிணைப்பில் வேண்டாம், முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.