நுகுலாவ் தீவும் 5,001 டாலரும்

[காட்சி: கடலில் ஒரு சிறிய மணல்தீவு, தென்னை மரங்கள். தூரத்தில் சுவா நகரம்.]

இந்தத் தீவோட பேரு நுகுலாவ். ஃபிஜியோட தலைநகரம் சுவாவுக்குப் பக்கத்துக் கடல்ல இருக்கு. 1903-லேர்ந்து சென்னைத் துறைமுகத்துல கப்பலேறி, கரும்புத் தோட்டத்து வேலைக்குப் போன நம்ம ஆளுங்க இந்த மணல்லதான் வந்து இறங்கினாங்க. நோய்த்தடுப்பு முகாம் இங்கதான் இருந்துச்சு. இங்க சில நாள் நிறுத்திவெச்சு, அப்புறம்தான் தோட்டம் தோட்டமாப் பிரிச்சு அனுப்புவாங்க.

அதுக்கு அரை நூற்றாண்டு முன்னாடி, இதே மணல்ல ஒரு வீடு எரிஞ்சுச்சு. அந்த வீட்டுக்காரர் எழுதின நஷ்டக் கணக்கைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறோம்.

[காட்சி: பாய்மரக் கப்பல், கரையில் காயவைத்த கடல் அட்டை.]

அவர் பேரு ஜான் பிரவுன் வில்லியம்ஸ். ஊர் சேலம். நம்ம சேலம் இல்ல, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல இருக்கிற சேலம். அந்த ஊர்க் கப்பல்கள் கடல் அட்டைக்காக ஃபிஜிக்கு வரும். அட்டையை வேகவெச்சு, புகையில காயவெச்சு, சீனாவுக்குக் கொண்டுபோய் வித்தா நல்ல காசு.

வில்லியம்ஸ் 1846-ல அமெரிக்க அரசோட வணிகப் பிரதிநிதியா ஃபிஜிக்கு வந்தார். வந்தவர் சொந்தமா வியாபாரமும் பண்ணார், நிலமும் வாங்கினார். நுகுலாவ் தீவு அப்படி வாங்கினதுதான். இதை மனசுல வெச்சுக்கோங்க: நாளைக்கு அவருக்கு ஒரு நஷ்டம் வந்தா, புகார் கொடுக்கிறதும் அவர்தான், அதை அரசாங்கத்துக்கு எழுதி அனுப்புற அதிகாரியும் அவர்தான்.

1849 ஜூலை 4. அமெரிக்க சுதந்திர தினம். கொண்டாட்டத்துக்கு நடுவுல வீடு தீப்பிடிச்சுது. யாரும் வேணும்னு வெச்ச தீ இல்ல. ஆனா எரியுற வீட்டுலேர்ந்து சாமான்களை அக்கம்பக்கத்து ஃபிஜி மக்கள் எடுத்துட்டுப் போயிட்டாங்க. வில்லியம்ஸ் கணக்கு எழுதினார்: 5,001 டாலர் சொச்சம்.

[காட்சி: ஃபிஜி வரைபடம். ரேவா, ம்பாவ் இரண்டும் தனித்தனி நிறத்தில்.]

இந்தப் பணத்தை யார்கிட்ட கேக்கறது? இங்கதான் பெரிய அநியாயம் நடந்துச்சு. நுகுலாவ் இருக்கிறது ரேவாங்கிற தனி நாட்டுப் பக்கம். ஆனா கணக்கு போய் நின்னது ம்பாவ் தீவோட தலைவர் தாக்கொம்பாவ் வாசல்ல. ரேவாவும் ம்பாவும் அந்தக் காலத்துல ஒண்ணையொண்ணு எரிச்சு அழிச்சுட்டு இருந்த எதிரிகள். மொத்த ஃபிஜிக்கும்னு ஒரு ராஜா அப்ப கிடையாது. ஆனா வெளிநாட்டுக்காரங்க தாக்கொம்பாவை 'துய் விதி', அதாவது ஃபிஜி ராஜான்னு கூப்பிட்டாங்க. ராஜான்னா, நாட்டுல எந்த மூலையில எது நடந்தாலும் அதுக்கு அவர்தான் பொறுப்புன்னு ஆயிடுச்சு.

1855-ல ஜான் ஆடம்ஸ்ங்கிற அமெரிக்கப் போர்க்கப்பல் வந்துச்சு. கமாண்டர் பவுட்வெல். அதுக்குள்ள மத்த அமெரிக்கர்களோட கோரிக்கைகளும் சேர்ந்து கணக்கு சுமார் 45,000 டாலர் ஆயிடுச்சு. தாக்கொம்பாவ் பக்கத்து வாதத்தைக் கேட்க நீதிமன்றம்னு ஒண்ணு இல்ல, எதிர்ல பீரங்கிதான் இருந்துச்சு. 1858-ல இன்னொரு போர்க்கப்பல் வந்து, ஒரு வருஷத்துல கட்டறேன்னு அவர்கிட்ட எழுதி வாங்கிட்டுப் போச்சு.

அந்த அளவு டாலருக்கு அவர் எங்க போவார்? அதே வருஷம் அக்டோபர்ல பிரிட்டனுக்கு ஒரு யோசனை சொன்னார்: கடனை நீங்க அடைங்க, நாட்டையே உங்ககிட்ட ஒப்படைக்கறேன், கூடவே 2,00,000 ஏக்கர் நிலமும் தர்றேன். பிரிட்டன் ஆள் அனுப்பி விசாரிச்சு, 1862-ல வேண்டாம்னுடுச்சு. வில்லியம்ஸ் 1860-லயே செத்துட்டார். கடன் மட்டும் சாகல.

1868-ல மெல்போர்ன்லேர்ந்து பாலினேசியா கம்பெனி வந்துச்சு. அமெரிக்கக் கடனை நாங்க ஏத்துக்கறோம், 2,00,000 ஏக்கர் கொடுங்கன்னு கேட்டுச்சு. தாக்கொம்பாவ் ஒத்துக்கிட்டார். அதுல சுவாவும் ஒண்ணு.

[காட்சி: கிராமம், சேப்பங்கிழங்குத் தோட்டம், ஒரு பெரியவரின் கை மண்ணைத் தொடுகிறது.]

ஃபிஜியில நிலத்துக்கு 'வனுவா'ன்னு பேரு. மண், அதுல வாழற ஜனம், அவங்க முன்னோர், வழக்கம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்ள அடக்கம். நிலம் 'மத்தங்கலி'ங்கிற குலத்துக்குப் பொதுச் சொத்து. ஒரு தலைவர் துப்பாக்கிக்கோ துணிக்கோ ஈடா வெளியாளுக்கு இடம் விட்டார்னா, இங்க இருந்து பயிர் பண்ணிக்கோன்னு அர்த்தம். வாங்கினவர் அதையே கிரயப் பத்திரமா எழுதிக்கிட்டார். சுவா விஷயத்துல அதுவும் இல்ல. அங்க குடியிருந்தவங்க யார்கிட்டயும் கடன் வாங்கல, எந்த வீட்டையும் எரிக்கல.

1874 அக்டோபர் 10. அப்பத் தலைநகரமா இருந்த லெவுகாவுல தாக்கொம்பாவும் மத்த தலைவர்களும் நாட்டை பிரிட்டனுக்கு எழுதிக் கொடுத்தாங்க. இந்தக் கடன் ஒண்ணே காரணம்னு சொல்ல மாட்டேன். தோட்டக்காரங்களும் தலைவர்களும் சேர்ந்து 1871-ல அமைச்ச அரசும் நொடிச்சுப் போயிருந்துச்சு. ஆனா தன் கையில நாடு நிக்காதுங்கிற நிலைமைக்கு தாக்கொம்பாவைத் தள்ளினதுல இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்புறம் வந்த ஆணையம் ஐரோப்பியர்களோட நிலக் கோரிக்கைகளை ஒவ்வொண்ணா விசாரிச்சுது. கேட்டது சுமார் 8,50,000 ஏக்கர். கிடைச்சது பாதிக்கும் குறைவு. ஆளுநர் ஆர்தர் கார்டன் பழங்குடி நிலத்தை விக்கறதையும் தடுத்தார், ஃபிஜி மக்களைத் தோட்ட வேலைக்கு இழுக்கறதையும் தடுத்தார். அது நல்ல காரியம். ஆனா கரும்புக்கு ஆள் வேணுமே? 1879-ல கல்கத்தாவுலேர்ந்து லியோனிடாஸ் கப்பல் வந்துச்சு. 1903-லேர்ந்து நம்ம சென்னைக் கப்பல்களும். அவங்க வழிவந்தவங்க பலர் இன்னைக்கும் குத்தகை நிலத்துலதான் கரும்பு போடறாங்க. 1997-லேர்ந்து குத்தகை முடிஞ்சு வெளியேற வேண்டி வந்த குடும்பங்கள் ஏராளம்.

[காட்சி: சுவா துறைமுகத்தின் எதிர்க்கரை.]

1882-ல தலைநகரம் லெவுகாவுலேர்ந்து சுவாவுக்கு மாறுச்சு. அங்க காலங்காலமா இருந்த ஜனங்களை வளைகுடாவுக்கு எதிர்ப்பக்கம் குடியேத்தினாங்க. அந்த ஊருக்கு 'சுவாவோ'ன்னு பேரு. புது சுவான்னு அர்த்தம். எங்க நிலத்துக்கு என்ன பதில்னு கேட்டு, நூறு வருஷத்துக்கும் மேல அரசாங்கத்துக்கு மனு எழுதிட்டு வந்திருக்காங்க. அவங்க கரையில நின்னா, தண்ணிக்கு அந்தப் பக்கம் தலைநகரத்தோட கட்டடங்கள் எல்லாம் கண்ணுக்கு நேரா தெரியும்.