எலிக்சிர் ஏன் பைத்தான் அளவுக்கு வளரவில்லை? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உசிலம்பட்டியிலிருந்து, கடைசி வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பிள்ளை எலிக்சிர் என்ற புரோகிராமிங் மொழியைப் பற்றி எழுதியிருக்கிறார். "சார், உங்கள் வீடியோ பார்த்து எலிக்சிர் படித்தேன். ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் காலேஜில் யாருக்கும் பேர்கூடத் தெரியவில்லை. கேம்பஸுக்கு வரும் கம்பெனிகளும் கேட்பதில்லை. இவ்வளவு நல்ல மொழியைப் பைத்தான், ஜாவா மாதிரி எல்லாருக்கும் கொண்டுபோக அதை உருவாக்கியவர்கள் ஏன் முயற்சி செய்யக் கூடாது?"

இதில் கொஞ்சம் கோபம் இருக்கிறது. கோபம் வந்தால் மொழி பிடித்துவிட்டது என்று அர்த்தம், சந்தோஷம்.

என் பதில், வேண்டாம். பிரபலத்தைத் துரத்த வேண்டாம். துரத்தினால் கிடைக்காது என்பதால் இல்லை. கிடைக்கும், ஜாவாவுக்குக் கிடைத்ததே! 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வெளியிட்டபோது விளம்பரத்துக்குப் பணத்தைக் கொட்டியது. சி, சி பிளஸ் பிளஸ் எழுதுகிறவர்கள் மிரண்டுவிடக் கூடாது என்று அதே அடைப்புக்குறி, அதே அரைப்புள்ளி. ஜெயித்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் லேப்பில் நீங்களே பார்த்திருப்பீர்கள். லிஸ்ட்டுக்குள் எந்த வகைச் சரக்கு இருக்கும் என்று சொல்லும்போது, முழு எண்ணுக்கு 'இன்ட்' என்று போட்டால் கம்பைலர் திட்டும், 'இன்டிஜர்' என்றுதான் போட வேண்டும். ஏன் என்று கேட்டால், ரூல் அப்படி என்பார்கள். ரூல் எங்கிருந்து வந்தது? இப்படி வகை சொல்ல விடும் ஜெனரிக்ஸ் என்ற வசதி ஜாவாவுக்கு 2004-இல்தான் வந்தது. அதற்குள் உலகம் பூராவும் பழைய கோட் ஓடிக்கொண்டிருந்தது, அதில் எதுவும் உடையக் கூடாது. அதனால் கம்பைல் ஆனதும் அந்த வகை விவரத்தை அழித்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். உள்ளே எல்லாமே வெறும் ஆப்ஜெக்ட். இன்ட் வெறும் எண், ஆப்ஜெக்ட் இல்லை, ஆகவே உள்ளே நுழைய முடியாது. 2004-இல் எடுத்த முடிவு, இன்றைக்கும் ஏதோ ஒரு லேப் தேர்வில் யாருக்கோ மார்க்கைக் குறைக்கிறது.

பைத்தான் கதை பழைய வீடியோவில் சொன்னதுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தது. பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி போட வேண்டும் என்பது மாதிரி சில மாற்றங்கள். பழைய 2-க்கு மூடுவிழா நடத்த 2020 ஜனவரி 1 வரை ஆனது. கூட்டம் சேர்ந்துவிட்டால் திரும்புவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். 2018-இல் ஒரு புது ஆபரேட்டரைச் சேர்ப்பதில் வந்த சண்டையில், மொழியை உருவாக்கிய குய்டோ வான் ராசமே தலைமைப் பொறுப்பு போதும் என்று ஒதுங்கிக்கொண்டார்.

நம் மதுரைச் சுங்குடிப் புடவையைப் பாருங்கள். நகத்தால் துணியைக் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முடிச்சு. சாயத்தில் முக்கிக் காயவைத்து முடிச்சைப் பிரித்தால் புள்ளி தெரியும், அந்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கியிருக்கும். பேர் பரவியது. 2005-இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. இன்று கடையில் சுங்குடி என்று கேட்டால் எடுத்துப் போடுவதில் பாதிக்கு மேல் அச்சு. வாங்குகிறவருக்கு அதில் குறை ஒன்றும் இல்லை, விலை குறைவு, துவைக்க வசதி. எங்கள் தெருவில் முடிச்சுப் போடும் அம்மாவிடம் கேட்டால் வேறு பதில் வரும். பேருக்காக வந்த கூட்டத்துக்கு முடிச்சு தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

சரி, எலிக்சிருக்கு வருவோம். அதற்குக் கீழே இருப்பது எர்லாங் என்ற பழைய மொழி என்று முன்பே சொல்லியிருக்கிறேன். ஸ்வீடனில் எரிக்சன் கம்பெனியில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் கூட்டாளிகளும் 1986-இல் ஆரம்பித்தது. அழைப்புகளை இணைத்துவிடும் டெலிபோன் ஸ்விட்சுக்காகப் பிறந்த மொழி. ஒரு அழைப்பு கெட்டால் அது மட்டும் சாக வேண்டும், மற்ற அழைப்புகள் ஓட வேண்டும், இதுதான் தேவை. 1998-இல் எரிக்சனின் ரேடியோ பிரிவு, புது வேலைகளில் எர்லாங் வேண்டாம் என்று தடையே போட்டது. பெற்ற வீட்டிலேயே கதவு சாத்தியாகிவிட்டது! அதே வருடம் டிசம்பரில் மொழியை ஓப்பன் சோர்ஸ் ஆக்கினார்கள், அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள், உருவாக்கியவர்களில் பலர் வேலையை விட்டார்கள். செத்திருக்க வேண்டும். சாகவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விட்சுகளைக் கழற்றி எறிய யாராலும் முடியவில்லை. அப்புறம் வாட்ஸ்அப் அதை எடுத்துக்கொண்டது. 2014-இல் ஃபேஸ்புக் வாங்கும்போது 45 கோடி பேர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள், கம்பெனியில் மொத்தம் 55 பேர். அந்த எர்லாங்கின் மேல்தான் பிரேசில்காரரான ஜோசே வாலிம் எலிக்சிரைக் கட்டினார்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான், பழைய ஆட்களுக்குச் சலித்திருக்கும். ஒரு மொழியை எத்தனை பேருக்குத் தெரியும் என்று எண்ணாதீர்கள். அதை விட்டுப் போக முடியாதவர்கள் யார் என்று பாருங்கள். லுவா என்ற மொழியும் அப்படித்தான். 1993-இல் ரியோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் எழுதியது. ஊர் உலகத்துக்குப் பேர் தெரியாது, ஆனால் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டுக்குள் இருக்கிறது, ஃபோட்டோ திருத்தும் லைட்ரூமுக்குள் இருக்கிறது. அவ்வளவு தூரம் எதற்கு, தென்காசிப் பக்கம் ஆபீஸ் வைத்திருக்கும் ஜோஹோவிடம் டெலூஜ் என்று சொந்த மொழி இருக்கிறது. ஜோஹோவுக்கு வெளியே அதற்கு வேலை இல்லை, உள்ளே அது இல்லாமல் ஆகாது.

இதில் எனக்குப் பிடித்த கதை கீழமாசி வீதியில் நடந்தது. நண்பர் ஒருவர் அங்கே மொத்தக் கடை ஒன்றுக்குச் சரக்குக் கணக்கு போட எலிக்சிரில் சாஃப்ட்வேர் எழுதினார். டெமோ அன்று நானும் கூடப் போயிருந்தேன். வாசலில் மிளகாய் மூடை இறங்குகிறது, தும்மிக்கொண்டே பார்க்கிறோம். பையன் கல்லாவில் பில் போட்டதும் குடோனில் இருக்கும் ஸ்க்ரீனிலும் இருப்பு குறைகிறது. முதலாளி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டார், "தம்பி, நாளைக்கு நீங்க துபாய்க்குப் போயிட்டா இதை யாரு பார்ப்பா?" நண்பர் தன்னோடு வேலை பார்க்கும் பையனைக் காட்டினார். "அவனும் போயிட்டா?" என்றார் முதலாளி. கடைசியில், கோட் கடைக்கே சொந்தம், கடை சொல்கிற இன்னும் ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். என்ன மொழி, அது பிரபலமா என்று அவர் கேட்கவே இல்லை.

என்னிடம் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அந்த முதலாளி கேட்டதுதான். ஜோசே வாலிம் நாளைக்கு விலகினால் யார் பார்ப்பார்கள்? அவரைத் தவிர இன்னும் சிலர் கையில் மொழியின் சாவி இருக்கிறது. எர்லாங் பக்கத்தில் எரிக்சன் இன்றும் ஆள் வைத்திருக்கிறது. சாட் ஆப் நடத்தும் டிஸ்கார்ட் மாதிரி கம்பெனிகள் இதன் மேல் உட்கார்ந்திருக்கின்றன. 2019-இல் எலிக்சிரின் 1.9 பதிப்பு வந்தபோது, பெரிய வசதி எதுவும் இனிமேல் திட்டத்தில் இல்லை என்று அறிவித்தார்கள். மொழி முடிந்துபோய்விட்டது என்று சிலர் பதறினார்கள், எனக்கு அது நல்ல செய்தி. பிறகு தேவை என்று பட்டதும் டைப் (வகை) சரியா என்று மொழியே பார்க்கும் வேலையைத் தொடங்கினார்கள். 2024-இல் 1.17-லிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது, அதற்காக யாரும் பழைய கோடில் உட்கார்ந்து டைப் எழுத வேண்டியதில்லை.

சின்ன மொழியில் கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பணம் வாங்கும் கேட்வே கம்பெனிகள் ஜாவா, பைத்தான், பிஹெச்பிக்கெல்லாம் தயாராக எழுதிவைத்த கோடை, அதாவது லைப்ரரியை, தருவார்கள். எலிக்சிருக்குப் பெரும்பாலும் ஆவணத்தைப் படித்து நாமே எழுத வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்குச் சிக்கிக்கொண்டால் பக்கத்து ரூமில் கேட்க ஆள் இருக்காது. ஆளே இல்லாமல் போகிற அளவுக்குச் சுருங்கினாலும் ஆபத்துதான். எல்ம் மொழியில் பல வருடம் புது வெளியீடே இல்லாமல் போனது, நம்பி எழுதியவர்கள் முழித்தார்கள்.

கேம்பஸுக்கு என்ன செய்வது என்பதுதானே உண்மையான கவலை? ஜாவாவில் நேர்காணலுக்குத் தயாராகுங்கள் அம்மா. தப்பே இல்லை, அந்த இன்டிஜர் கதையைக் கேட்டால் நீங்கள்தான் நன்றாகச் சொல்வீர்கள். எலிக்சிரில் ஒரு சின்ன வேலையை முடித்து, கூடப் படிக்கும் ஒருவருக்காவது அதைப் புரியும்படி சொல்லிக்கொடுங்கள். அவர் உங்கள் கோடில் ஒரு பிழையைத் திருத்தட்டும். திருத்த முடியவில்லை என்றால் எங்கே மாட்டினார் என்று எனக்கு எழுதுங்கள், அதையே ஒரு வீடியோவாகப் போடலாம்.

அடுத்த கேள்வி மேலூரிலிருந்து, டேட்டாபேஸ் பற்றி.