திண்ணை காலியானது, ஸ்கூலே உட்காரவில்லை

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொந்தச் செலவில் ஒலிபெருக்கி தருகிற மளிகைக்கடை அண்ணாச்சி அவர்களே, நாற்காலி போட்டு, தண்ணீர் வைத்து, என்னையும் வீடு தேடி வந்து அழைத்து வந்த நூலகர் தம்பி அவர்களே, தூறலையும் பாராமல் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். யாருடைய பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன கூட்டத்தில் நம் பொருளாளரை விட்டுவிட்டேன் என்று ஒரு குறை இருக்கிறது. பொருளாளர் அவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

நான் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். சரித்திரப் பேராசிரியர் இல்லை. ஆனால் நூலகர் தம்பி, "உலக வரலாற்றில் ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் ஐயா" என்றார். உலக வரலாற்றில் பாதி வாரிசுத் தகராறுதான். அதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. அதனால் நார்வே தேசத்து ஸ்கூலே போர்ட்சன் என்ற பிரபுவின் கதையை எடுத்துக்கொண்டேன். மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஸ்கூலே எப்படி அரியணைக்கு ஆசைப்பட்டார், எப்படித் தோற்றார், ஸ்னோரி என்ற பெரிய கவிஞர் இதில் எப்படி மாட்டிக்கொண்டார்.

நம்மிடம் ஒரு சொலவடை உண்டு. "அண்ணன் எப்போ சாவான், திண்ணை எப்போ காலியாகும்." ஸ்கூலேயின் கதை இந்த ஒரு வரிதான். அவருடைய அண்ணன் இங்கெ நார்வேயின் ராஜா. அப்பா ஒருவர், அம்மா வேறு. இங்கெயின் அம்மாதான் அரச குலத்துப் பெண், ஸ்கூலேயின் அம்மா இல்லை. இந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். பத்திர ஆபீசில் எந்த வழக்கைப் பிரித்தாலும் உள்ளே "அம்மா வேறு" என்று ஒரு வரி இருக்கும்.

1217இல் நிதரோஸ் நகரில், இன்றைக்கு ட்ரோன்ட்ஹெய்ம் என்கிறார்கள், இங்கெ படுத்த படுக்கையானார். சாகும் தறுவாயில் தம்பிக்கு யார்ல் பட்டம் கொடுத்தார். ராஜாவுக்கு அடுத்த பட்டம் அது. படைக்கும் தம்பியே தலைவர். ஆனால் எனக்குப் பின் ராஜா யார் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி முடித்துவைக்காமல் கண்ணை மூடிவிட்டார். திண்ணை காலி. ஸ்கூலேக்கு வயது இருபத்தெட்டு அளவில். படை கையில், பணம் கையில். உட்கார வேண்டியதுதான் பாக்கி.

உட்காரவிடவில்லை. பிர்க்கபெய்னர் என்ற போர்க்கட்சியின் பழைய ஆட்கள் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெயர் ஹாக்கோன். இங்கெக்கு முன்னால் ஆண்ட வேறொரு ராஜாவின் பிள்ளை என்றார்கள். 1206இல், கைக்குழந்தையாக இருந்தபோது, எதிரிக் கட்சிக்குப் பயந்து இரண்டு வீரர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு பனிமலையைச் சறுக்குக்கட்டையில் தாண்டினார்கள். இன்றைக்கும் அதன் நினைவாக நார்வேயில் பந்தயம் நடக்கிறது. குழந்தையின் கனத்துக்கு ஈடாக மூன்றரை கிலோ மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.

இப்போது அந்தப் பையனின் தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாய்மார்கள் கொஞ்சம் கேட்க வேண்டும். அவள் பெயர் இங்கா. வார்த்தெய்க் என்ற ஊர்க்காரி. ராஜா அந்தப் பக்கம் வந்து தங்கியிருந்தபோது பழக்கம். கல்யாணம் கிடையாது. 1204ஆம் வருஷம் தொடங்கியதுமே ராஜா செத்துப்போனார், விஷம் வைத்தார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. குழந்தை பிறந்தது அதற்கப்புறம். ஒரு பாதிரியார் வீட்டில் ரகசியமாகப் பிறந்தான். அப்பா முகத்தைப் பார்க்காத பிள்ளை. தாலி இல்லாத தாய். கையில் ஒரு துண்டுத் தாள் கிடையாது. இந்தப் பிள்ளை ராஜாவின் பிள்ளைதான் என்று யார் கையெழுத்துப் போடுவது?

"நிரூபி" என்றார்கள். எப்படி நிரூபிப்பது? பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்த வேண்டும். கையைத் துணியால் கட்டி வைப்பார்கள். சில நாள் கழித்துக் கட்டைப் பிரிப்பார்கள். புண் சுத்தமாக ஆறியிருந்தால் அவள் சொன்னது சத்தியம். சீழ் வைத்திருந்தால் பொய். மகனுக்காக அந்தத் தாய் சரி என்றாள். 1218, பெர்கன் நகரம். தேவாலயத்தில் விரதம் இருந்தாள். ஊர்ப் பெரியவர்கள், பாதிரிமார்கள், ஸ்கூலேயின் ஆட்கள் எல்லோரும் பார்க்க இரும்பை ஏந்தினாள். நம் சீதையாவது நெருப்பிலிருந்து உடனே வெளியே வந்துவிட்டாள். இவள் கட்டுப் போட்ட கையோடு காத்திருந்தாள். அந்த நாட்களில் அவள் தூங்கியிருப்பாளா? கட்டைப் பிரித்தார்கள். முன்பு இருந்ததைவிடக் கை அழகாக இருந்தது என்று ஹாக்கோனின் வரலாற்றைச் சொல்லும் சாகா, அந்த ஊர்ப் பழைய கதைநூல், எழுதுகிறது. வேண்டியவர், வேண்டாதவர் எல்லோரும் ஒப்புக்கொண்டார்களாம்.

நம்புகிறீர்களா? நான் நம்பவில்லை. எனக்கு வேறொன்று உறுத்துகிறது. மூன்று வருஷம் முன்னால்தான், 1215இல், இந்த மாதிரிச் சோதனைகளில் பாதிரிமார்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று ரோமில் பெரிய சபை கூடித் தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் ரோமில், இரும்பு பெர்கனில். ஆண்கள் எழுதி வைக்காமல் போனதற்கு ஒரு பெண் கையைச் சுட்டுக்கொண்டாள்! இதைச் சொல்லத்தான் அம்மா, நான் இந்தக் கதையையே எடுத்தேன்.

இப்போதுதான் நம் வட்டாட்சியர் ஐயா உள்ளே வருகிறார்கள். வாருங்கள் ஐயா. முன்வரிசையில் ஓர் இடம் விடுங்கள் தம்பி. எத்தனை வேலைக்கு நடுவிலும் இலக்கியக் கூட்டம் என்றால் வந்துவிடுகிற அதிகாரி. வாரிசுச் சான்றிதழ் தருகிற கை அவர்களுடைய கை. நான் பேசுகிற பொருளுக்கே உரியவர். அவர்களுக்காகச் சுருக்கமாக: நார்வே, அரியணைச் சண்டை, தாய் இரும்பு ஏந்திவிட்டாள். இப்போது தம்பி ஸ்கூலே என்ன செய்வார் என்ற இடத்தில் நிற்கிறோம்.

என்ன செய்வார்? பேரம் பேசினார். நாட்டில் மூன்றில் ஒரு பங்கு வருமானம் அவருக்கு. 1219இல் தன் மகள் மார்கிரெத்தை ஹாக்கோனுக்கு நிச்சயம் செய்தார். 1223இல் பெர்கனில் பெரிய சபை கூடியது. ஸ்கூலே, இங்கெயின் மகன், இன்னும் சிலர் என்று வரிசையாக உரிமை கோரினார்கள். சபை ஹாக்கோன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1225இல் கல்யாணம். திண்ணைக்கு ஆசைப்பட்டவர் திண்ணைக்காரனுக்கு மாமனார் ஆனார். 1237இல் மாப்பிள்ளை அவருக்கு டியூக் பட்டம் கொடுத்தார். நார்வேயில் அதுவரை யாருக்கும் அந்தப் பட்டம் கிடையாது. கௌரவத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் ராஜா இல்லையே!

அண்ணன் செத்து இருபத்திரண்டு வருஷம். 1239 நவம்பரில் ஸ்கூலே பொறுமை இழந்தார். நிதரோஸில் ராஜாக்களை ஏற்கிற பழைய சபைத் திடல் உண்டு. அங்கே புனித ஓலாவின், புனிதராகக் கும்பிடப்பட்ட பழைய ராஜாவின், உடல் வைத்த பேழையைக் கொண்டுவரச் செய்து, தன்னையே ராஜா என்று அறிவித்துக்கொண்டார். செய்தி பெர்கனுக்குப் போனது. இப்போது நார்வேயில் இரண்டு ராஜாக்கள் என்று ஹாக்கோன் மனைவியிடம் சொன்னாராம். நியாயமான ராஜா ஒருவர்தான், அது நீங்கள்தான் என்றாளாம் மார்கிரெத். பெற்ற அப்பா ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம். அந்தப் பெண்ணைப் பற்றித் தனிக் கூட்டமே போடலாம்.

1240 மார்ச்சில் லோகா என்ற இடத்தில் ஸ்கூலேயின் ஆட்கள் ஜெயித்தார்கள். ஏப்ரல் முதல் தேதி ஹாக்கோன் ஒரு காரியம் செய்தார். தன் மகனுக்கு, எட்டு வயதுகூட நிரம்பாத பையனுக்கு, ராஜா பட்டம் கட்டினார். அவன் ஸ்கூலேயின் பேரன். அதாவது தாத்தா இனிமேல் பேரன் பட்டத்தையும் எதிர்த்துத்தான் சண்டை போட வேண்டும். எந்த வக்கீல் சொல்லிக்கொடுத்தாரோ! அதே மாதம் ஓஸ்லோவில் ஸ்கூலே தோற்றார். வடக்கே ஓடினார். மே 24ஆம் தேதி நிதரோஸுக்குப் பக்கத்தில் எல்கெசெட்டர் மடத்தில் ஒளிந்திருந்தபோது மடத்துக்குத் தீ வைத்தார்கள். வெளியே வந்தவர், முகத்தில் வெட்டாதீர்கள், தலைவர்களை அப்படிச் செய்வது வழக்கமில்லை என்று கேட்டுக்கொண்டதாகச் சாகா சொல்கிறது. வெட்டிவிட்டார்கள். 1130 முதல் விட்டு விட்டு நடந்த உள்நாட்டுச் சண்டை அத்தோடு முடிந்தது. நூற்றுப் பத்து வருஷம்!

இத்தனைக்கும் காரணம் என்ன? ராஜாவின் மகன் யாரானாலும், தாலி கட்டியவளுக்குப் பிறந்தாலும் இல்லாவிட்டாலும், உரிமை கோரலாம் என்பது அந்த ஊர்ப் பழைய வழக்கம். 1163இல் ஒரு சட்டம் போட்டார்கள், நிற்கவில்லை. ஆளுக்கொரு வழக்கு, ஆளுக்கொரு படை. இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு, 1260இல், ஹாக்கோன் ஒழுங்காகச் சட்டம் எழுதினார்: முறையாகப் பிறந்த மூத்த மகனுக்கே பட்டம். 1263 டிசம்பரில் ஆர்க்னித் தீவில் அவர் இறந்தபோது ஒரு வாள்கூட உருவவில்லை. மூத்தவன் முன்பே காலமாகிவிட்டதால் அடுத்த மகன் மாக்னூஸ் உட்கார்ந்தார். அவரும் ஸ்கூலேயின் பேரன்தான். அண்ணன் எப்போ சாவான் என்று யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு தாள், ஐயா. ஒரு தாள்!

இந்த இடத்துக்குத்தான் நான் வர நினைத்தேன். கவிஞர் ஸ்னோரியைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். இரண்டு வரியில் சொல்கிறேன். ஐஸ்லாந்துக்காரர், ஹாக்கோனையும் ஸ்கூலேயையும் சேர்த்துப் புகழ்ந்து பாட்டு எழுதியவர், பிறகு ஸ்கூலே பக்கம் சாய்ந்தார், 1241இல் அவரையும் வெட்டினார்கள். அந்தச் சாகாவை எழுதியது அவருடைய உறவினர் ஸ்டூர்லா, எழுதச் சொன்னது மாக்னூஸ். மீதியை நூலகத்தில் தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் இந்த ஊரில் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பது ஒன்றுதான். உயில் எழுதுங்கள். உயில் என்றால் சாவை அழைக்கிற காரியம் என்று பயப்படுகிறார்கள். எழுதியவர் யாரும் எழுதியதால் சாகவில்லை. அப்பா எழுதாமல் போய், கூடப்பிறந்தவர்கள் பத்திர ஆபீஸ் வாசலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்பதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். சுயநினைவோடு எழுதி, இரண்டு சாட்சி முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகள் சொத்தில் பங்கு இல்லாதவர்களாக, முடிந்தால் உங்களைவிட இளையவர்களாக இருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுங்கள். மனது மாறினால் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். பெண் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள்.

வாசல் பக்கத்து மேசையில் மாதிரிப் படிவம் வைத்திருக்கிறேன். நகல் எடுத்த செலவு அண்ணாச்சியுடையது. எழுதத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வாருங்கள், காசு வேண்டாம். பத்துப் படிவமாவது இன்றைக்குப் போக வேண்டும். பொருளாளர் அவர்களே, முதல் படிவம் உங்களுக்கு. வட்டாட்சியர் ஐயா இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டு உட்காருகிறேன். வணக்கம்.